எங்கள் லேபின் நார்மல் ஆள்

செங்கல்பட்டு வட்டாரத்தில் முற்றிலும் இயல்பான மனிதன் என்று அதிகாரபூர்வமாக ஒருவன் இருந்தான் என்றால் அது நான்தான். அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். இதில் ஏதோ இடிக்கிறதே என்று இத்தனை வருட உத்தியோகத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு உங்களுக்குப் புத்தி சொல்கிறேன்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊரப்பாக்கத்து வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவனைப் பிடித்து, லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காகப் பணி அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார்கள். சாதனைகளை எதிர்பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது. எங்கள் லேபில் சாதனைகள் உண்டு. அவை எல்லாம் மற்றவர்களுடையவை. என் கைவசம் இருப்பது இது ஒன்றுதான்.

குரோமோசோம் லேபில் நம் வேலையின் பெரும்பகுதி விலாசம் சரிபார்ப்பது. மனித டி.என்.ஏ.விலிருந்து எடுத்த ஒரு துண்டுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி கம்பெனிக்காரர்கள் அனுப்புவார்கள். ப்ரோப் என்கிறோம். குப்பியின் மேல் ‘நான்காம் குரோமோசோம், குட்டைக் கையின் நுனி’ என்று, அதாவது அதன் குட்டையான பக்கத்து முனை என்று, விலாசம் ஒட்டியிருக்கும். நோயாளியின் செல்களில் அதைப் போடுவதற்கு முன், கோளாறு இல்லாத ஒருவருடைய குரோமோசோம்களின் மேல் போட்டுப் பார்க்க வேண்டும். துண்டு தனக்குரிய இடத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் புள்ளியாக ஒளிரும். நான்காம் குரோமோசோம் எல்லோருக்கும் இரண்டு உண்டு. இரண்டின் நுனியிலும் புள்ளி தெரிந்தால் விலாசம் சரி.

ஊரப்பாக்கத்தில் மனை வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தரகர் ‘ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்’ என்பார். போய்ப் பார்த்தால் மனை ஏரிக்குள் இருக்கும். கோடையில் மட்டும் நடக்கிற தூரம்.

அந்தக் ‘கோளாறு இல்லாத ஒருவர்’ யார் என்பதுதான் கேள்வி. பல பேரிடம் ரத்தம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது முறை. ஆனால் ஊசியைக் கண்டதும் எங்கள் லேபில் ஆளாளுக்கு அவசர வேலை வந்துவிடும். நான் சட்டைக் கையை மடக்கினேன். தியாகம் என்று நினைக்காதீர்கள். டீ வாங்கிக் கொடுத்து, கூடவே பிஸ்கட்டும் கொடுப்பார்கள். டியூபின் மேல் ‘நார்மல்’ என்று எழுதினோம். நாளடைவில் அது என் பெயராகிவிட்டது. “நார்மல் எங்க?” என்று யாராவது கேட்டால், “நார்மல் சாப்பிடப் போயிருக்காரு” என்று பதில் வரும். குளிர்பெட்டியில் வேறு சிலருடைய பழைய மாதிரிகள் இருந்தன. இடத்தை அடைக்கிறது என்று நானே எடுத்துப் போட்டுவிட்டேன். ஒரு நாட்டுக்கு ஒரு ராஜா போதாதா?

இந்தப் பதவிக்கு வீட்டிலும் செல்வாக்கு இருந்தது. என் மனைவி சுகந்திக்கு மூன்று தடவை கரு தங்கவில்லை. இரண்டு பேருடைய குரோமோசோம்களும் பார்க்கப்பட்டன. அவளுடையதைச் சக ஊழியர் ஒருவர் பார்த்து இயல்பு என்றார். என்னுடையதை நான் பார்த்து இயல்பு என்றேன். இரண்டும் இயல்பு என்றாலும், எந்த இயல்பு உசத்தி என்பது என் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. திருக்கழுக்குன்றம் பக்கம் யாரோ ஒரு வைத்தியரிடமிருந்து லேகியம் வரவழைத்தார். கறுப்பாக இருக்கும், திறந்தால் புதிதாகத் தார் போட்ட ரோட்டின் வாசனை வரும். சுகந்தி மட்டும் சாப்பிட்டாள். நான் எதற்குச் சாப்பிட வேண்டும்? நாலாவது தடவைக்கு அவள் சம்மதிக்கவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை.

இனி கதை.

மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் பயிலரங்கம் நடந்தது. ப்ரோப்பின் விலாசத்தைச் சரிபார்ப்பது எப்படி என்று நான் பேசினேன். இறால் வறுவலுக்கு முந்தைய பேச்சு என்பதால் கூட்டம் இருந்தது. ஒரு படத்தைத் திரையில் காட்டினேன். ஒரு புள்ளி அதற்குரிய குரோமோசோமின் நுனியில். அதன் ஜோடியின் நுனி மொட்டை. அங்கே இருக்க வேண்டிய புள்ளி சம்பந்தமே இல்லாத இன்னொரு குரோமோசோமில்.

“இதைப் பார்த்ததும் கம்பெனிக்காரரைத் திட்டாதீர்கள்” என்றேன், ஒரு விரலைத் தூக்கி. “ப்ரோப் தவறு என்றால் ஜோடி இரண்டிலும் ஒரே மாதிரி தவறும். பாதி சரி, பாதி தவறு என்றால் தவறு ஆளிடம் இருக்கிறது. அவருடைய இரண்டு குரோமோசோம்கள் நுனிகளைப் பரிமாறிக்கொண்டிருக்கின்றன. எதுவும் குறையாததால் ஆள் கல்லுக்குண்டாக இருப்பார். அவருக்குப் பிறக்கவிருக்கும் பிள்ளைக்குத்தான் ஒரு நுனி கூடவோ குறையவோ போய்ச் சேரும். ஆகவே சந்தேகப்பட வேண்டியது ஆளை.”

கைதட்டினார்கள். முன் வரிசையில் எங்கள் லேப் தலைவி மட்டும் கண்ணை மூடியிருந்தார். மேடம் என்னைவிட வயதில் இளையவர். அது எனக்கு ஏற்கெனவே ஒரு மனக்குறை. தூங்கவும் செய்கிறார் என்று அதோடு சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஏழுமலையும் அவர் மனைவி கஸ்தூரியும் வந்தார்கள். நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலைக்குப் பக்கத்துக் குப்பம். ஃபைபர் போட் வைத்திருக்கிறார். முதல் குழந்தை ஒரு வயது ஆவதற்குள் போய்விட்டது. நான்காம் குரோமோசோம் ஒன்றில் நுனி இல்லை என்று வேறு எங்கோ பார்த்துச் சொல்லியிருந்தார்கள். இப்போது கஸ்தூரி மறுபடி உண்டாகியிருந்தாள். தாமதமாகத்தான் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். பனிக்குட நீரை எடுத்து எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் வர வேண்டும். அதற்கப்புறம் எந்த முடிவும் எடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“சார், ஒண்ணே ஒண்ணுதான்” என்றார் ஏழுமலை. “இந்தக் கொழந்தைக்கி அந்த நுனி கீதா, இல்லியா. அத்த மட்டும் சொல்லிடுங்க.”

“சொல்லிடலாம்” என்றேன்.

நான்காம் குரோமோசோம் நுனிக்கான ப்ரோப் எங்களிடம் இல்லை. புதிதாக வரவழைத்தோம். முறைப்படி முதலில் நார்மல் மேல் போட்டுப் பார்த்தேன். ஒரு நான்காம் குரோமோசோமின் நுனியில் புள்ளி. இன்னொரு நான்காம் குரோமோசோமின் நுனி மொட்டை. அங்கே இருக்க வேண்டிய புள்ளி எட்டாம் குரோமோசோம் ஒன்றின் மேல் ஜாலியாக உட்கார்ந்திருந்தது.

மாமல்லபுரத்துத் திரையில் காட்டிய அதே படம். அது எனக்கு நினைவுக்கு வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? எனக்கு வந்தது கோபம். கம்பெனிப் பிரதிநிதிக்குப் போன் போட்டேன்.

“நீங்க அனுப்பின ப்ரோப் எட்டாம் குரோமோசோம்ல போய் உட்காருதுங்க.”

“மத்த லேப்ல எல்லாம் சரியா வருதுன்னு சொல்றாங்களே சார்.”

“மத்த லேப்ல யாரு பாக்கறாங்க?”

“உங்கள மாதிரிப் பெரியவங்கதான் சார்.”

“அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு” என்றேன்.

வேறு பேட்சில் இன்னொரு குப்பி கூரியரில் வந்தது. அதையும் அதே ரத்தத்தின் மேல் போட்டேன். அதே படம். இரண்டு பேட்சும் ஒரே மாதிரித் தவறினால், பொதுவாக இருப்பது எது என்று பார்க்க வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பாடம். நானும் பார்த்தேன். கம்பெனி பொதுவாக இருந்தது. அதோடு விசாரணையை முடித்துக்கொண்டேன்.

இதற்குள் வியாழக்கிழமை ஆகிவிட்டது. வராந்தாவில் ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். கஸ்தூரி பெஞ்சில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா சார், இன்னும் இல்லியா?”

“மருந்து சரியில்லை. திருப்பி அனுப்பப் போறோம்.”

“மருந்து சரியில்லன்னா எங்களுக்கு இன்னா சார் வழி? எங்க அண்ணன் வூட்ல குந்திகினு ஒரே பேஜாரு பண்றாரு. ‘தெரியலன்னா கலைச்சுட்டு வா, இன்னொரு தபா அழ முடியாது’ன்றாரு. அம்மாவும் அதையேதான் சொல்லுது. திங்கக்கெழம வரிக்கும்தான் டயம்.”

கஸ்தூரி முறுக்கைக் கீழே வைத்தாள். “அது உள்ளருந்து ஒதச்சு ஒதச்சு ரிப்போர்ட் குடுத்துகினு கீது சார். நீங்கதான் ஒண்ணும் குடுக்க மாட்டன்றீங்க.”

“கம்முனு இரும்மே” என்றார் ஏழுமலை. “சாருக்கு ஆயிரம் வேல.”

“இன்னா வேல? வந்த நாள்லருந்து அந்த லைட்டத்தான பாத்துகினு கீறாரு.”

உள்ளே போய் ஒரு அறிக்கை தயாரித்தேன். ‘ப்ரோப்பின் தரக்குறைவு காரணமாக முடிவு சொல்ல இயலவில்லை.’ நம் தொழிலில் இதைவிடச் சௌகரியமான வாக்கியம் கிடையாது. பொய்யில்லை, பொறுப்பும் இல்லை. மேடத்திடம் கையெழுத்துக்கு நீட்டினேன்.

படித்தார். “இதுல கையெழுத்துப் போட்டா நமக்கு ஒரு பிரச்சினையும் வராது, இல்ல?”

“வராது மேடம். ரொம்ப சேஃப்.”

“நமக்கு.”

பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினேன்.

“இதை அவங்க எப்படிப் படிப்பாங்க?”

“முடிவு சொல்ல இயலவில்லைன்னு.”

“இல்லைங்க. மோசம்னு படிப்பாங்க. நாளைக்கே போய்க் கலைச்சிடுவாங்க. அப்புறமா அந்தக் குழந்தைக்கு எல்லாமே இருந்துச்சுன்னு தெரிஞ்சா, இந்த சேஃப்டியை எங்க கொண்டு போய் வெச்சுக்கிறது?”

தாளை என்னிடமே கொடுத்துவிட்டு மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்தார். ஒரு செல், அடுத்த செல், அதற்கடுத்தது என்று நகர்த்திக்கொண்டே போனார். அவசரமே படவில்லை. வெளியே ஒரு பெண் முறுக்கைப் பாதியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குப் பதறியது. அந்தப் பதற்றத்தைத்தான் நான் அதுவரை கடமையுணர்வு என்று நம்பியிருந்தேன்.

“எல்லா செல்லுலயும் இதே மாதிரியா?”

“எல்லாத்துலயும் மேடம். அவ்வளவு மட்டமான ப்ரோப்.”

“இவ்வளவு ஒழுங்காத் தப்பு பண்ற ப்ரோப்பை நான் பார்த்ததே இல்ல. இது யாரோட ரத்தம்?”

“நார்மலோடது.”

“நார்மலுக்கு ஒரு பேர் இருக்குமே?”

சின்னக் கேள்வி. பதிலும் சின்னதுதான், என் பெயர் மொத்தம் நாலு எழுத்து. சொல்ல நேரமாயிற்று.

“மேடம், என் குரோமோசோமை நானே பார்த்திருக்கேன்.”

“அதைத்தான் நானும் சொல்றேன்” என்றார். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு, “மாமல்லபுரத்துல நான் தூங்கிட்டேன்னு நினைச்சிருப்பீங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன். அருமையான பேச்சு. நீங்களும் வந்து கேட்டிருக்கலாம்” என்றார்.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். நான்கும் எட்டும் பரிமாறிக்கொண்ட நுனிகள் மிகச் சின்னவை. என் குரோமோசோமை நான் அப்போது பார்த்த பழைய முறைச் சாயத்தில் இரண்டும் ஒரே மாதிரிச் சாம்பலாகத் தெரியும். யார் பார்த்திருந்தாலும் தவறியிருக்கும் என்று பிற்பாடு பலர் ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் யாராவது பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

மேடம் சட்டென்று எழுந்து தன் கையை நீட்டினார். “எடுங்க.” அக்கவுண்ட்ஸ் அம்மாவைக் கூப்பிட்டார். லேப் வண்டி ஓட்டுநரையும் கூப்பிட்டார். “இதுல சுகர் எவ்ளோன்னு தெரியுமா சார்?” என்று ஓட்டுநர் ஆசையாகக் கேட்டார். தெரியாது என்றதும் முகம் வாடியது. ரத்தச் செல்கள் வளர்ந்து குரோமோசோம்கள் தெரிய மூன்று நாள் ஆகும். குளிர்பெட்டியில் நான் தூக்கிப்போட்ட பழைய மாதிரிகள் இருந்திருந்தால் அன்றைக்கே பார்த்திருக்கலாம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மேடம் வராந்தாவுக்குப் போய், கஸ்தூரியின் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். “திங்கக்கிழமை காலைல பதில் சொல்றோம். அது வரைக்கும் யார் சொன்னாலும் எங்கேயும் போகாதீங்க.”

“எங்க அண்ணன் கேட்டா இன்னா சொல்றது மேடம்?” என்றார் ஏழுமலை.

“எங்க மேல தப்பு, அதனால லேட்டுன்னு சொல்லுங்க.”

“அவுரு நம்ப மாட்டாரு மேடம். ஆசுபத்திரில யாரும் அப்டிச் சொல்ல மாட்டாங்களே.”

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தோம். மேடம் எனக்கு நான்கு ஸ்லைடுகள் கொடுத்தார். பெயர்களை மறைத்து ஒட்டியிருந்தார். அவருடையது, அக்கவுண்ட்ஸ் அம்மாவுடையது, ஓட்டுநருடையது, என்னுடையது. “எது யாரோடதுன்னு யோசிக்காம, கண்ணுக்குத் தெரியறதை மட்டும் எழுதுங்க.”

மூன்றில் விலாசம் சரியாக இருந்தது. ப்ரோப்பின் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான்காவதில் பழைய படம். இப்படி ஒன்று அகப்பட்டால் நாம் வழக்கமாக எழுதும் வாக்கியம் உங்களுக்கும் சீக்கிரம் பழகிவிடும்: ‘இவருடைய மனைவிக்குக் கரு தங்காமல் போயிருக்க வாய்ப்புண்டு, அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.’ பழக்கதோஷத்தில் கை தானாக எழுதியது. முற்றுப்புள்ளி வைத்த பிறகுதான் அது யாரைப் பற்றிய வாக்கியம் என்று படித்தேன். நாற்காலியிலிருந்து எழவில்லை. மேடம் ஒரு டீயைக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். கூடவே பிஸ்கட்டும் இருந்தது.

அதன் பிறகு கஸ்தூரியின் பனிக்குட நீர்ச் செல்களைப் பார்த்தோம். நான் ஒரு தடவை, மேடம் தனியாக ஒரு தடவை. நான்காம் குரோமோசோம் இரண்டிலும் நுனி இருந்தது. இடம் மாறாமல், குறையாமல், இரண்டு புள்ளிகள். எனக்கு அத்தனை வருடத்தில் அவ்வளவு அழகான புள்ளிகள் அகப்பட்டதில்லை. என்னுடையவை இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

திங்கட்கிழமை காலை மேடம் அவர்களிடம் விளக்கினார். முதல் குழந்தைக்கு இருந்த கோளாறு இந்தக் குழந்தைக்கு இல்லை. வேறு எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சோதனை உத்தரவாதம் ஆகாது. உங்கள் இருவர் ரத்தத்தையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். ஏழுமலை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

“அப்ப கீது?”

“இருக்கு. ரெண்டுலயும்.”

“அப்ப மருந்து ராங்கு இல்ல?”

“இல்ல.”

“பின்ன இன்னாதான் சார் ராங்கு?”

“ஒப்பிட்டுப் பார்த்த ரத்தம்.”

“அது யார்து?”

“என்னோடது.”

ஏழுமலை என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று தயாராக நின்றேன். அதற்குள் கஸ்தூரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஒடம்பப் பாத்துக்கோங்க சார். நெத்திலி குட்த்து வுடறோம். ரத்தம் ஊறும்” என்றாள்.

கம்பெனிப் பிரதிநிதிக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல சார். அப்ப உங்க லேப்ல என்ன பிரச்சினை சார் இருந்துச்சு?” என்று கேட்டார். நிஜமான அக்கறையோடு கேட்டார் என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஒரு துண்டு தவறான இடத்தில் ஒளிர்ந்தால் துண்டைச் சந்தேகப்படுங்கள், சாயத்தை, சூட்டை, மைக்ராஸ்கோப்பை எல்லாம் சந்தேகப்படுங்கள். கூடவே, எதை வைத்து அளக்கிறீர்களோ அதையும் ஒரு தடவை அளந்து பாருங்கள், வேறு யாரையாவது விட்டு. ‘சொல்ல இயலவில்லை’ என்று எழுதுவதற்கு முன், அதைக் கையில் வாங்குகிறவர் என்னவென்று படிப்பார் என்று வராந்தா வரை போய்ப் பாருங்கள். குளிர்பெட்டியில் இடம் இல்லாவிட்டால் உங்கள் சாப்பாட்டு டப்பாவை எடுத்து வெளியே வையுங்கள்.

அன்று மின்சார ரயிலில் ஊரப்பாக்கம் திரும்பும்போது, வீட்டில் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். எந்த ஒத்திகையும் உதவவில்லை. கூடத்தில் அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். சுகந்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கோளாறு இத்தனை வருடமும் என்னிடம்தான் இருந்தது என்று இருவருக்கும் பொதுவாக, சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

அம்மா டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார். “உனக்கா? இருக்கவே இருக்காது. அவங்க மெஷின்தான் சரியில்ல. இன்னொரு மெஷின்ல வெச்சுப் பாரு.”

கம்பெனிக்காரரிடம் நான் பேசிய அதே குரல். நுனிகள் மட்டுமல்ல, இதுவும் பரம்பரையாக வந்திருக்கிறது.

சுகந்தி கீரையை முடித்தாள். கையைக் கழுவினாள். சமையலறைக்குப் போய் மேல்தட்டில் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று எழுந்து போகப் பார்த்தேன். அதற்குள் இரண்டு டப்பாக்களோடு வந்து என் முன்னால் வைத்தாள். ஒன்றின் மூடி இறுகிப்போயிருந்தது; கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தாள். தார் வாசனை வந்தது.

“மிச்சம் இருக்கு” என்றாள். “காலைல வெறும் வயித்துல ஒரு உருண்டை, ராத்திரி ஒரு உருண்டை. தேதி எல்லாம் பாக்காதீங்க. எனக்குக் குடுக்கறப்ப யாரும் எதையும் பாக்கல.”